நிலத்தின் வடிவத்தைப் படித்தறிவது எப்படி: அரிப்பும் படிவும் காட்டும் தடயங்கள்

வீடு கட்ட இடம் தேடுபவருக்கும், நிலம் வாங்கி உழ நினைப்பவருக்கும், பாலமோ சாலையோ எங்கே அமைய வேண்டும் என்று முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவருக்கும், வகுப்பில் புவியியல் நடத்துபவருக்கும் பொதுவாகத் தேவைப்படும் திறமை ஒன்று உண்டு. கண்முன் இருக்கும் மேடும் பள்ளமும் எதனால் உண்டாயின, இனி அவை எப்படி மாறும் என்பதை நிலத்தைப் பார்த்தே உய்த்தறியும் திறமை அது. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு மண்வெட்டி, ஓர் அளவுநாடா, மூடியுள்ள ஒரு கண்ணாடிப் புட்டி, அந்தப் பகுதியின் பழைய வரைபடம், மழைக்கு முன்பும் பின்பும் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்லும் பொறுமை ஆகியவை போதும்.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சமதளமாகவும் வளமாகவும், தோண்டினால் நீர் கிடைப்பதாகவும் உள்ள நிலத்தில் பெரும்பகுதி நீர் கொண்டுவந்து போட்ட வண்டலால் ஆனது. மனிதர் விரும்பிக் குடியேறுவதும் அங்கேதான். அந்த நிலத்தைச் சமமாக்கியது வெள்ளம் என்பதும், அந்த வெள்ளம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை என்பதும் குடியேறும்போது நினைவுக்கு வருவதில்லை. படிவு எங்கே இருக்கிறதோ, அங்கே அதைக் கொண்டுவந்த நீர் மறுபடியும் வரும் என்று எடுத்துக்கொண்டு நிலத்தைப் பார்க்கத் தொடங்கினால், பெரிய தவறுகள் பலவற்றைத் தவிர்த்துவிடலாம்.

எந்த இடத்திலும் கேட்க வேண்டிய கேள்விகள்

பாறை இருந்த இடத்திலேயே வெயிலாலும் மழையாலும் வேர்களாலும் நொறுங்குவது சிதைவு. நொறுங்கியதை நீரோ காற்றோ பனியாறோ அலையோ பெயர்த்து எடுத்துச் செல்வது அரிப்பு. சுமந்து செல்லும் வேகம் குறைந்ததும் அது கீழே இறங்கித் தங்குவது படிவு. ஆகையால் எந்த மேட்டின் முன் நின்றாலும் மூன்றைக் கேட்க வேண்டும்: இந்த மண்ணும் கல்லும் எங்கிருந்து வந்தன, எது சுமந்து வந்தது, ஏன் இந்த இடத்தில் இறக்கியது? பள்ளத்தின் முன் நின்றால் கேள்வி திரும்பிவிடும்: இங்கிருந்து போனது இப்போது எங்கே கிடக்கிறது?

நீரின் வேகத்துக்கும் துகளின் அளவுக்கும் உள்ள உறவு நாம் எதிர்பார்ப்பதுபோல நேரானதாக இல்லை. சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிலிப் யூல்ஸ்ட்ரோம் 1935இல் வெளியிட்ட வளைகோடு இதைக் காட்டுகிறது. பெரிய கல்லைப் பெயர்க்க மிகுந்த வேகம் வேண்டும் என்பது எவருக்கும் புரியும். ஆனால் மிக நுண்ணிய களிமண்ணைப் பெயர்க்கவும் மணலைப் பெயர்ப்பதைவிட அதிக வேகம் வேண்டும், ஏனெனில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எளிதில் பெயர்வது நடுத்தர மணல்தான். அதே சமயம், ஒருமுறை பெயர்ந்துவிட்ட களிமண், நீர் ஏறக்குறைய அசையாமல் நிற்கும் இடத்தை அடையும்வரை கீழே இறங்குவதில்லை. ஆற்றின் மணற்கரை ஏன் பொலபொலவென்று சரிகிறது, சேறு ஏன் முகத்துவாரம்வரை போய்ச் சேர்கிறது, ஏரியின் அடியில் ஏன் களிமண் தேங்குகிறது என்ற மூன்றுக்கும் விடை இதிலேயே இருக்கிறது.

மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தல்

பார்க்க வந்த இடத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். அல்லது ஏற்கெனவே வெட்டப்பட்ட கிணற்றின் பக்கச்சுவரையோ வாய்க்கால் வெட்டையோ தேடிப் பாருங்கள். முதலில் அடுக்குகள் இருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். கீழே பருமணல், அதன்மேல் நுண்மணல், அதற்கும் மேல் மெல்லிய சேறு என்று ஓர் அடுக்கு அமைந்திருந்தால், அது பெரும்பாலும் ஒரே வெள்ளம் வேகம் குறைந்துகொண்டே வந்து இறக்கிய படிவாக இருக்கும். அப்படிப்பட்ட அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் வெள்ளங்கள் அத்தனை முறை வந்திருக்கின்றன என்று பொருள். இரண்டு அடுக்குகளுக்கு இடையே வேர்த்தடங்களுடன் கருமையான மண் தென்பட்டால், நிலம் நெடுங்காலம் அமைதியாக இருந்து, செடிகொடிகள் வளர்ந்து, பின்பு மீண்டும் மூழ்கியிருக்கிறது. ஆறு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஓடினாலும், வயலின் அடியில் உருண்ட கூழாங்கற்கள் கிடைத்தால் ஆறு ஒருகாலத்தில் அந்த வழியாகவே ஓடியது என்று கொள்ளலாம்.

கற்களின் முனைகளைத் தடவிப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் நெடுந்தூரம் வரவில்லை. மழுங்கி உருண்டிருந்தால் நீரோ அலையோ நெடுநாள் உருட்டியிருக்கிறது. தட்டையான கற்கள் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தால், அவற்றின் சரிவு நீர் வந்த திசையை நோக்கி இறங்கும். வறண்டு கிடக்கும் ஆற்றுப் படுகையில்கூட நீர் எந்தப் பக்கமிருந்து பாய்ந்தது என்பதை இதைக் கொண்டு சொல்லிவிட முடியும். பாறாங்கல் முதல் களிமண்வரை எல்லாம் அடுக்கின்றிக் கலந்து கிடந்தால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஓடும் நீர் துகள்களை அளவுவாரியாகப் பிரித்தே படியவிடும். அப்படிப் பிரிக்காமல் ஒட்டுமொத்தமாகக் கொட்டுபவை பனியாறும், மலைச்சரிவிலிருந்து இறங்கும் சேற்றுப் பெருக்குமே. பனியாறு எட்டிப்பார்க்காத ஊரில் அப்படிப்பட்ட கலவையைக் கண்டால் இரண்டாவதைத்தான் நினைக்க வேண்டும்.

இனி கண்ணாடிப் புட்டி. கல்லும் வேரும் நீக்கிய மண்ணைப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, நீர் ஊற்றி, பாத்திரம் துலக்கும் சோப்புநீர் சில துளிகள் விட்டு, சில நிமிடங்கள் நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்குவது மணல். அந்த மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் தங்குவது வண்டல், இங்கே மணலைவிட நுண்ணியதும் களிமண்ணைவிடப் பருத்ததுமான துகள். மேலே கலங்கி நிற்கும் களிமண் தெளிய ஒருநாளோ அதற்கு மேலோ ஆகும். மூன்று பட்டைகளின் உயரங்களை அளந்தால் மண்ணின் கூறு தோராயமாகத் தெரியும். மணல் மிகுந்திருந்தால் நீர் உள்ளிறங்கும், ஆனால் கரை நிற்காது. வண்டல் மிகுந்திருந்தால் பயிர் செழிக்கும், ஆனால் மழையில் எளிதில் கரைந்தோடும். களிமண் மிகுந்திருந்தால் நீர் தேங்கும். நனையும்போது பருத்துக் காயும்போது வெடிக்கும் வகைக் களிமண்ணாக இருந்தால் அடித்தளத்தையும் அது அசைத்துப் பார்க்கும்.

சரிவான நிலத்தில் மண் போகிறதா என்று கண்டுபிடித்தல்

மண் அரிமானம் என்றவுடன் எல்லோரும் பெரிய பள்ளங்களைத் தேடுகிறார்கள். பள்ளம் விழுந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அதற்கு நெடுநாள் முன்பே, தரையோடு கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியும் அடையாளங்கள் உள்ளன. பெரிய மழைத்துளி ஒன்று விநாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் வெறுந்தரையைத் தாக்கி, துகள்களைச் சிதறடிக்கிறது. சிறு கல்லோ காய்ந்த இலையோ கிடக்கும் இடத்தில் மட்டும் அந்த அடி விழுவதில்லை. ஆகவே சில மழைகளுக்குப் பின், கூழாங்கற்கள் தம் அடியில் ஒரு சிறு மண்தூணைத் தாங்கி, சுற்றுத் தரையைவிட உயர்ந்து நிற்பதைக் காணலாம். அந்தத் தூண் எத்தனை மில்லிமீட்டர் உயரமோ அவ்வளவு மண் சுற்றிலும் போயிருக்கிறது. சுவரின் அடிப்பகுதியில் சேறு தெறித்த கறை, மேற்பரப்பில் கெட்டியாகப் படிந்த பொருக்கு, மரத்தடியில் வெளியே தெரியும் வேர்கள், கீழ்வரப்பின் உட்புறம் விசிறிபோல் பரவிக் கிடக்கும் மெல்லிய வண்டல் ஆகியவையும் அதே செய்தியைத்தான் தருகின்றன.

அளந்து பார்க்க விரும்புபவர் விரல் பருமனுள்ள இரும்புக் கம்பிகளைச் சரிவின் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களிலும் ஆழமாக அடித்து, வெளியே நிற்கும் நீளத்தைக் குறித்து வைக்கலாம். ஒவ்வொரு மழைக்காலத்தின் முடிவிலும் அதே கம்பிகளை அளந்தால் மேலே எவ்வளவு குறைந்தது, கீழே எவ்வளவு கூடியது என்று தெரியும். ஒரு ஹெக்டேரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் போனால் அது 10 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 13 டன். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாகப் பெரும்பாலான இடங்களில் நூறாண்டும் அதற்கு மேலும் ஆகும் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு மில்லிமீட்டர்தான் உழவரின் முதல் இழப்பு.

அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் 1930களில் நடந்தது இதற்குப் பெரிய சாட்சி. புல்வெளியை உழுது கோதுமை விதைத்த நிலம் தொடர்வறட்சியில் மூடாக்கின்றிக் கிடக்க, காற்று மேல்மண்ணை அள்ளிச் சென்றது. 1935 ஏப்ரல் 14 அன்று எழுந்த புழுதிப்புயல் பகலை இருளாக்கியது. அதே ஆண்டில் ஹியூ ஹேமண்ட் பென்னட்டின் தலைமையில் மண் பாதுகாப்புக்கென்று அரசுத் துறை ஒன்று அங்கே உருவானது.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது, தரையை வெறுமையாக விடாமல் இருப்பது. பயிர்த்தாளோ சருகோ மூடுபயிரோ எதுவாயினும் சரி, துளியின் அடியைத் தாங்க ஒன்று வேண்டும். அடுத்தது சரிவுக்குக் குறுக்கே உழுவதும், சமமட்ட வரப்புகள் போடுவதும். வரப்பு போடுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது உபரிநீர் வெளியேறும் வழி. அது இல்லாத வரப்பு பெருமழையில் ஓரிடத்தில் உடைந்து, தேங்கிய நீர் முழுவதையும் ஒரே வழியில் பாய்ச்சி, வரப்பே இல்லாதிருந்தால் விழாத பள்ளத்தை உண்டாக்கிவிடும்.

ஏற்கெனவே விழுந்த ஓடைப்பள்ளத்தைச் சரிசெய்ய, அதன் மேல்முனையிலிருந்து தொடங்குங்கள். செங்குத்தாக நீர் விழும் அந்த முனைதான் ஒவ்வொரு மழையிலும் பின்னோக்கி நகர்கிறது. நயாகரா அருவி கடந்த 12,000 ஆண்டுகளில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் பின்வாங்கியதும் இதே செயலால்தான், அளவுதான் வேறு. முனைக்கு வரும் நீரை முதலில் வேறு பக்கம் திருப்பிவிட்டு, பிறகு பள்ளத்துக்குள் கல் தடுப்புகளைக் கட்ட வேண்டும். கீழ்த்தடுப்பின் மேல்மட்டம், அதற்கு மேலுள்ள தடுப்பின் அடிமட்டத்தோடு ஒத்துவரும் இடைவெளியே சரியானது. தடுப்பின் நடுப்பகுதி தாழ்ந்தும் இரு ஓரங்கள் உயர்ந்தும் இருக்க வேண்டும். இல்லையேல் நீர் ஓரங்களை அறுத்துக்கொண்டு தடுப்பைச் சுற்றிப் போய்விடும்.

ஆற்றோரத்தைப் படித்தல்

ஆறு வளையும் இடத்தில் நீரின் வேகம் வெளிவளைவில் மிகுந்து உள்வளைவில் குறைகிறது. வெளிக்கரை அறுபடுகிறது, உட்கரையில் மணல் சேர்கிறது. உட்கரை மணலில் நீரோரத்தில் புல், அதற்கு அப்பால் புதர், அதற்கும் அப்பால் மரம் என்று வரிசையாக வளர்ந்திருந்தால், ஆறு அந்தப் பக்கத்திலிருந்து சீராக விலகிக்கொண்டே போகிறது. அதாவது எதிர்க்கரையை அதே அளவுக்குத் தின்றுகொண்டிருக்கிறது. உட்கரையிலுள்ள மரங்களின் வயதை அறிந்தால் எதிர்க்கரை எத்தனை ஆண்டுகளில் எவ்வளவு போனது என்றுகூட மதிப்பிட முடியும்.

வெளிக்கரையில் பார்க்க வேண்டியவை: கரைக்கு இணையாக ஓடும் விரிசல், ஆற்றை நோக்கிச் சாய்ந்த மரம், அந்தரத்தில் தொங்கும் வேலிக்கால், புல் முளைக்காத செங்குத்தான புதுவெட்டு. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது நிற்கும் கரை, வெள்ளம் வடியும்போது சரிவதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. நீரில் ஊறிக் கனத்த கரைக்கு எதிர்ப்புறமிருந்து வெள்ளமே முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அது சட்டென்று இறங்கியதும் அந்தத் தாங்கல் போய்விடுகிறது. ஆகவே வெள்ளம் வடிந்துவிட்டது என்று கரையோரம் நின்று வேடிக்கை பார்ப்பது மிகவும் ஆபத்தானது. குழந்தைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வெள்ளச் சமவெளி தட்டையாகத் தோன்றினாலும் அதற்குள்ளும் மேடுபள்ளம் உண்டு. கரை வழியும் நீர் முதலில் பருமணலை இறக்கிவிடுவதால், ஆற்றை ஒட்டியே ஓர் இயற்கைக் கரைமேடு உருவாகிறது. அதற்கு அப்பால் நுண்ணிய சேறு படிந்த தாழ்நிலம் கிடக்கிறது. பழைய ஊர்கள் கரைமேட்டிலும் வயல்கள் தாழ்நிலத்திலும் அமைந்திருப்பதற்குக் காரணம் இதுதான். பின்னாளில் பெருகிய குடியிருப்புகள் தாழ்நிலத்தை மேடாக்கிக்கொண்டு வந்தன. வெள்ளம் அங்கேதான் கடைசிவரை தேங்கி நிற்கிறது. பிறைவடிவக் குட்டைகளையும், வளைந்த கோடாகத் தாழ்ந்து கிடக்கும் நிலங்களையும் குறிப்பாகக் கவனியுங்கள். அவை ஆறு கைவிட்ட பழைய வளைவுகள். அங்கே நிரம்பியுள்ள மண் மென்மையானது. கட்டடம் சீரற்று இறங்கும். நிலநடுக்கப் பகுதியாக இருந்தால், நீர் ஊறிய தளர்மணல் அதிர்வில் குழம்பாகிவிடும். 2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், ஏவன் ஆற்றை ஒட்டிய பகுதிகள் மிகுந்த சேதத்துக்கு உள்ளானது இவ்வாறுதான்.

கரை உயர்த்திய ஆறுகளுக்குத் தனிப் பார்வை வேண்டும். வெள்ளத்தைத் தடுக்க இருபுறமும் கரை எழுப்பினால், முன்பு சமவெளி முழுவதும் பரவிப் படிந்த வண்டல் இரு கரைகளுக்கு நடுவிலேயே படிகிறது. ஆற்றின் தரை உயர்கிறது. கரையையும் உயர்த்த வேண்டியிருக்கிறது. சீனத்தின் மஞ்சளாறு காற்று கொண்டுவந்து குவித்த நுண்மண் நிறைந்த மேட்டுநிலத்திலிருந்து பெருமளவு மண்ணைச் சுமந்து வருவதால், கைஃபெங் நகருக்கு அருகே அதன் படுகை ஊரைவிட உயரத்தில் இருக்கிறது. 1855இல் அது கரையை உடைத்துக்கொண்டு, சாண்டோங் தீபகற்பத்தின் தெற்கே கடலில் கலந்த தன் பாதையை விட்டு வடக்கே போஹாய் விரிகுடாவுக்குத் திரும்பியது. 1887 வெள்ளத்தில் பல லட்சம் பேர் மாண்டனர். கோசி ஆறு 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கரையை உடைத்துப் பல பத்துக் கிலோமீட்டர் கிழக்கே தாவியபோது, ஆற்றில் ஓடிய நீர் கரை தாங்குமென்று வடிவமைத்த அளவைவிட மிகக் குறைவாகவே இருந்தது. நீரின் அளவை மட்டும் கணக்கிட்டு மண்ணின் அளவை விட்டுவிட்டதால் வந்த துயரம் அது. ஆகவே கரைக்கு வெளியே இடம் பார்ப்பவர் கரையின் உயரத்தைப் பார்த்து ஆறுதல் அடையாமல், கரைமேல் ஏறி, ஒருபுறம் ஆற்றுத் தரையையும் மறுபுறம் தம் நிலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆறு உயரத்தில் இருந்தால் அந்த இடம் வேண்டாம் என்பதே என் கருத்து.

எதிர்மாறான நிலையும் உண்டு. அணை வண்டலைத் தடுத்துத் தெளிந்த நீரை விடும்போதும், படுகையிலிருந்து மணலை அள்ளும்போதும், ஆறு தன் தரையையே அறுக்கத் தொடங்குகிறது. கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்குகிறது. பாலத்தூண்களின் அடித்தளம் வெளியே தெரிகிறது. படுகை தாழாத ஆற்றில்கூட வெள்ளநேரத்தில் தூணைச் சுற்றி நீர் சுழன்று குழி பறிக்கும். நியூயார்க் மாநிலத்தில் 1987 ஏப்ரல் 5 அன்று ஸ்கோஹாரி ஓடைப் பாலம் இடிந்து 10 பேர் இறந்தது இத்தகைய குழியால்தான். வெள்ளம் வடிகையில் தளர்ந்த மணல் அந்தக் குழியை மீண்டும் மூடிவிடுவதுண்டு. மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் பழையபடி இருப்பதாகவே தோன்றும். ஒரு நீண்ட கம்பியைத் தூணருகே குத்திப் பார்த்தால் புதுமணல் எளிதில் இறங்கும், பழைய கெட்டித்தரை தடுக்கும். குழியின் உண்மையான ஆழம் அப்போதுதான் தெரியவரும்.

மலையடிவாரத்தில்

செங்குத்தான பள்ளத்தாக்கிலிருந்து ஓடை சமவெளியில் இறங்கும் இடத்தில் வேகம் திடீரென்று குறைய, சுமந்து வந்தது விசிறி வடிவில் பரவுகிறது. பார்வைக்கு அழகான, மென்சரிவான, நீர்வளமுள்ள இடம் அது. ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் உயரக்கோட்டு வரைபடத்தில் அந்தக் கோடுகள் கீழ்நோக்கிப் புடைத்து வில்லாக வளைந்திருந்தால் அது வண்டல் விசிறி. விசிறியின் மேல் ஓடும் ஓடை இன்று ஒரு மூலையில் இருக்கலாம். விசிறி முழுவதும் அந்த ஓடை ஏதோ ஒரு காலத்தில் ஓடிய இடம்தான்.

வெனிசுவேலாவின் வர்காஸ் கடற்கரையில் கரபாயேதா உள்ளிட்ட ஊர்கள் இத்தகைய விசிறிகளின்மேல் கட்டப்பட்டிருந்தன. 1999 டிசம்பர் நடுவில் பெய்த பெருமழையில் மலையிலிருந்து இறங்கிய சேறும் பாறையும் அங்கே பல்லாயிரம் உயிர்களைப் பறித்தன. 2013 ஜூன் மாதம் கேதார்நாத்தில் சோராபாரி ஏரி உடைந்தபோது, மந்தாகினி தான் நெடுங்காலம் முன்பு கைவிட்ட கிழக்குக் கால்வழியையும் மீண்டும் எடுத்துக்கொண்டது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் சேற்றுப் பெருக்கு ஓடைவழியாகவே இறங்கிக் கரையோர வீடுகளை அடித்துச் சென்றது. இந்த மூன்றிலும் அழிவு புதிய இடத்தைத் தேடிப் போகவில்லை.

அடிவாரத்தில் இடம் பார்க்கும்போது, இன்றைய ஓடையால் நகர்த்த முடியாத பெரும்பாறைகள் வயலில் கிடக்கின்றனவா, ஓடையின் இருபுறமும் பாறைவரிசை கரைபோல் அமைந்திருக்கிறதா, மரங்களின் மேற்சரிவுப் பக்கத்துப் பட்டையில் பழைய காயங்கள் உள்ளனவா என்று பாருங்கள். ஏற்கெனவே அங்கே வசிப்பவர்கள் ஒன்றை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்: கனமழையின் நடுவே ஓடைநீர் திடீரென்று குறைந்தால், அல்லது திடீரென்று கலங்கி மரக்கிளைகளோடு வந்தால், மேலே எங்கோ சரிவு விழுந்து நீரை அடைத்திருக்கலாம். காரணத்தைத் தேடி ஓடைப்பக்கம் போகாமல், ஓடைக்குக் குறுக்காக விலகி, உயரமான இடத்துக்கு உடனே செல்ல வேண்டும். பாறைகள் மோதும் உறுமல் கேட்டால் பொருள்களை எடுக்க நிற்கக்கூடாது.

காற்றும் பனியும்

இவற்றைப் படிப்பது ஒப்பளவில் எளிது. மணற்குன்றின் மென்சரிவு காற்று வரும் பக்கம். ஏறக்குறைய 34 பாகைச் சாய்வுள்ள செங்குத்தான பக்கம் காற்று போகும் திசை. பிறைவடிவ மணற்குன்றின் கொம்புகளும் காற்று போகும் திசையையே காட்டும். குன்று நகரும் திசையும் அதுவே. செடிகள் வேரூன்றிய குன்று நிலைபெற்றது. அந்தச் செடிகளை மேய்ச்சலோ வாகனங்களோ அழித்தால் அது மறுபடி நகரும். பனியாறு செதுக்கிய பள்ளத்தாக்கு அகன்ற அடியும் செங்குத்தான சுவர்களுமாக ‘யு’ வடிவில் இருக்கும், ஆறு அறுத்தது ‘வி’ வடிவில் இருக்கும். பனியாறு குவித்த கற்குவியல் பின்னால் ஏரி தேங்கியிருந்தால், அந்தக் குவியல் கட்டிய அணையைப் போல உறுதியானதன்று என்பதைக் கீழ்ப்பள்ளத்தாக்கில் வாழ்பவர் அறிந்திருக்க வேண்டும்.

கடற்கரையில்

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிலையாகக் கிடப்பதில்லை. அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கும்போது மணல் கரையோரமாகவே ஒரு திசையில் நகர்கிறது. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டிய கற்சுவரான தூண்டில் வளைவையோ ஒரு பாறை முனையையோ கவனித்தால் எந்தப் பக்கம் மணல் சேர்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமிருந்தே மணல் வருகிறது. மறுபக்கம் கரை உள்வாங்கியிருக்கும். இந்தியாவின் கிழக்குக் கரையில் ஆண்டின் நிகர நகர்வு வடக்கு நோக்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கே மெரினா அகன்றுகொண்டே வந்தது. வடக்கே ராயபுரத்திலிருந்து கரை அரிக்கப்பட்டு, கற்களைக் கொட்டிக் காக்க வேண்டியதாயிற்று. ஒரே சுவர் ஒரு பக்கத்துக்குப் பரந்த மணலையும் மறுபக்கத்துக்கு வீடிழப்பையும் கொடுத்தது. வடபக்க மீனவருக்குப் படகை ஏற்றவும் வலையை உலர்த்தவும் இருந்த மணற்பரப்பு அதனோடு போயிற்று.

இங்கிலாந்தின் ஹோல்டர்னெஸ் கரை ஆண்டுக்குச் சராசரியாக 2 மீட்டர் அளவுக்கு அரிக்கப்படுகிறது. ரோமானியர் காலத்திலிருந்து பல ஊர்கள் அங்கே கடலுக்குள் போய்விட்டன. ஆனால் அப்படி அரிபட்ட மணலில் ஒரு பங்குதான் தெற்கே ஸ்பர்ன் முனை என்னும் நீண்ட மணல்நாக்கை உயிரோடு வைத்திருக்கிறது. மணல் புறப்படும் பகுதியைக் கல்சுவரால் காத்தால், அது போய்ச் சேரும் பகுதி மணலின்றிப் பட்டினி கிடக்கும். எகிப்தின் நைல் டெல்டாவில் இதைக் கண்கூடாகக் காணலாம். 1970இல் அஸ்வான் உயரணை நிறைவடைந்தபின் வண்டல் அணைக்குப் பின்னாலுள்ள நாசர் ஏரியிலேயே தங்கிவிட, டெல்டாவின் ரொசெட்டா முனை கடலிடம் வேகமாக நிலத்தை இழந்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1932 முதல் 2016 வரை ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டர் கரையோர நிலத்தை இழந்ததற்கும், மிசிசிப்பியின் வண்டல் மேலணைகளிலும் உயர்கரைகளுக்குள்ளும் சிறைப்பட்டதும், டெல்டா நிலம் தானாகவே அமிழ்ந்துகொண்டிருப்பதும் முக்கியக் காரணங்கள்.

கரை உண்மையிலேயே அரிபடுகிறதா என்று அறிய, கடலிலிருந்து தள்ளி நிலையாக உள்ள ஒரு கம்பத்தையோ கட்டட மூலையையோ குறியாக வைத்து, அங்கிருந்து செடிகள் தொடங்கும் கோடுவரையிலும் உயர்வோத (கடல்நீர் ஏற்றத்தின்) நீர்க்கோடுவரையிலும் அளந்து கொள்ளுங்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில், ஓதத்தின் அதே நிலையில் அளக்க வேண்டும். புயல் பருவத்தில் மணல் கடலுக்குள் இறங்கி அமைதிக் காலத்தில் திரும்பி வருவது இயல்பு. ஒரு பருவத்தின் குறுகலை மட்டும் வைத்து முடிவுகட்டினால் தேவையற்ற சுவர் எழும். சுவர் எழுந்த இடத்திலோ, அலை அதில் மோதித் திரும்புகையில் முன்னாலுள்ள மணலையும் வாரிச் சென்றுவிடுகிறது. முன்குன்றுகளையும் அவற்றின் அடும்புக்கொடியையும் அழிக்காமல் விட்டு, கட்டடங்களைப் பின்னால் தள்ளி அமைப்பதே பெரும்பாலான கரைகளுக்கு ஏற்ற வழி. ஏற்கெனவே ஊரும் துறைமுகமும் உள்ள இடத்தில், மணல் சேரும் பக்கத்திலிருந்து எடுத்துக் குறையும் பக்கத்தில் ஆண்டுதோறும் கொட்டுவது சுவரைவிட நேர்மையான தீர்வு, ஏனெனில் அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணலை அது பறிப்பதில்லை.

வரைபடங்களோடு ஒப்பிடுதல்

நேரில் கண்டதைக் காலத்தோடு வைத்துப் பார்க்க, பழைய நில அளவை வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வையுங்கள். கூகுள் எர்த் கணினி நிரலில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பார்க்கும் வசதி உண்டு. கோவில், பழைய சாலைச் சந்திப்பு, பாறைக்குன்று போன்ற நகராத இரண்டு அடையாளங்களைத் தேர்ந்து, அவற்றிலிருந்து ஆற்றுக்கரையின் தூரத்தை ஒவ்வோர் ஆண்டின் படத்திலும் அளந்து எழுதுங்கள். படம் எடுத்த மாதத்தையும் குறிக்க வேண்டும். வெள்ளக்காலப் படத்தையும் கோடைப் படத்தையும் ஒப்பிட்டால் கரை நகராமலேயே நகர்ந்ததாகத் தோன்றும். வயல்களின் வரப்புகள் ஓரிடத்தில் மட்டும் வளைந்து செல்வதும், அறுவடைக்குப் பின் நிலத்தில் வெளுத்த மணற்பட்டை தெரிவதும் புதைந்த ஆற்றுவழியைக் காட்டிக்கொடுக்கும்.

இப்படிக் கிடைத்த அளவுகளைக் கொண்டு கரையோரத்தில் ஒதுங்கும் தூரத்தைக் கணக்கிடலாம். ஆண்டுச் சராசரி நகர்வை, கட்டப்போகும் கட்டடம் நிற்க வேண்டிய ஆண்டுகளால் பெருக்குங்கள்; ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர், அறுபது ஆண்டு என்றால் 90 மீட்டர். அதனோடு, கிடைத்த பதிவுகளில் ஒரே வெள்ளத்திலோ புயலிலோ கரை போன மிகப்பெரிய அளவையும் கூட்டுங்கள். கரை சீராக நகர்வதில்லை. பல ஆண்டுகள் அசையாதிருந்து ஓரிரவில் இருபது மீட்டர் போவதும் உண்டு. மேலே அணையோ கீழே தூண்டில் வளைவோ புதிதாக வரவிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அது முடிந்து சில பருவங்கள் கழித்துக் கம்பிகளையும் தூரங்களையும் மறுபடி அளந்தபின்பே இடத்தை முடிவுசெய்யுங்கள்.